இடது கன்னத்துக்குப் பொடி, வலது கன்னத்துக்கு மோர்

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது என் முகத்தில் முப்பத்தெட்டு பருக்கள் இருந்தன. மூக்கில் இருந்ததைச் சேர்க்கவில்லை. அது பருவா மச்சமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். இருபத்தாறு வயதில் இத்தனை இருக்கக் கூடாது. போதாததற்கு, பருத்தி எடுப்பு முடிந்ததும் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து, காப்பி குடித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பொருத்தம் பார்த்த பிறகுதான் அவர்கள் வந்ததே.

டாக்டர் டெட்ராசைக்ளின் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. "வெறும் வயித்துல, தண்ணியில முழுங்கும்" என்றார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் மருந்து எல்லாமே சூடு. "ஏலே, மோர் இல்லாம முழுங்கினா குடல் வெந்துபோவும்."

"தண்ணியிலதான் முழுங்கணும்னு சொன்னாரும்மா."

"நம்ம வீட்டு மோர்ல தண்ணியைத் தவிர வேற என்னல இருக்கு?"

அதில் நியாயம் இருந்தது. ஒரு செம்பு மோரோடு முழுங்கினேன்.

அண்ணன் மனைவிக்கு, அதாவது மதினிக்கு, முழுங்குவதிலேயே நம்பிக்கை இல்லை. அண்ணன் காலில் அரிவாள் பட்டபோது கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் அப்பித்தான் ஆற்றினாளாம். "கொழுந்தனாரே, பரு மூஞ்சியில இருக்கு. மருந்தை வயித்துக்கு அனுப்புதீங்க. அது எப்பப் போய்ச் சேர?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டதால் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். காலைக் கேப்சூல் மோரோடு வயிற்றுக்கு. ராத்திரிக் கேப்சூலைப் பிரித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, இடது கன்னத்துக்கு மட்டும். வலது கன்னம் முழுங்கியதன் கணக்கில். பொடி நல்ல மஞ்சள். சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. ஆபீஸில் குச்சி அடுக்கும் பெண்கள், "அண்ணாச்சி பாதிதான் மஞ்சள் பூசியிருக்காவ, மீதி நாளைக்கா?" என்று கேட்டார்கள்.

பெண் வீட்டார் வந்த அன்று காலை எண்ணினேன். இடது இருபது, வலது பத்தொன்பது. ஆக, ஒன்று கூடியிருந்தது. வலது கன்னம் மட்டும் தெரியும்படி சுவரோரமாக உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா ஒழுங்காக வலப்பக்கம் உட்கார்ந்தார். பெண்ணின் அத்தை சுவருக்கும் எனக்கும் நடுவில் இடம் கண்டுபிடித்துவிட்டாள்.

"தம்பி, அதென்ன கன்னத்துல மஞ்சள்?"

விளக்கினேன். மதினி கண்ணைக் காட்டியும் நிறுத்தாமல், எண்ணிக்கையோடு விளக்கினேன்.

"அப்ப முழுங்கினது வலப்பக்கம் மட்டும் போவும்" என்றாள் அத்தை. "இடப்பக்கம் திரும்பிராதேன்னு வழி சொல்லி அனுப்புனீங்களாக்கும்?"

பெண்ணின் அப்பா சிரித்த சிரிப்பில் காப்பி வேட்டியில் கொட்டியது. மூன்றாவது ஜாதகமும் பொருந்தாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். "பொண்ணுக்குச் சம்மதமாம். அத்தைக்காரி சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சுச்சாம். ஆனா ஒரு சேதி சொல்லிவிட்டிருக்கு. அதுவும் இதே கேப்சூலை முழுங்கினதுதானாம். பாலு, மோரு பக்கத்துலயே வரப்படாதாம், மருந்தைக் கட்டிப்போட்டுருமாம். பொடியை மூஞ்சியில அப்புறது வீணாம். ரெண்டு வேளையும் வெறும் தண்ணியில முழுங்கச் சொல்லுது."

"என் பருவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"எண்ணுறதை நிறுத்தச் சொல்லுச்சு."

அம்மாவுக்குத் தெரியாமல் மோரைக் கொல்லையில் ஊற்றினேன். கல்யாணத்தன்று பதினொன்றுதான் இருந்தது. ஒன்பது என்று என் மனைவி இன்றும் சாதிக்கிறாள். தாடையில் இருந்த இரண்டையும் மாலை மறைத்திருந்தது. அவள் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறாள்.