வெள்ளைத் திட்டுகளுக்கு ஒரு பெயர்

எனக்குப் பொறுமை கம்மி. தாம்பரத்தில் தோல் டாக்டராக இத்தனை வருஷம் உட்கார்ந்தும் அது வளரவில்லை. முழுக்கைச் சட்டையில் வந்த அந்தக் காலேஜ் பெண்ணின் கைகளிலும் இடுப்பிலும் வெள்ளைத் திட்டுகள் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு என்று கேட்டதும், "ரெண்டு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

கூட வந்த அம்மா முடிச்சூரில் ஸ்கூல் டீச்சர். "தேமல்னாங்க டாக்டர், களிம்பு குடுத்தாங்க" என்றார். தேமலுக்கு இவ்வளவு பிடிவாதம் கிடையாது. எனக்கு வேறு சந்தேகம். தோலில் அபூர்வமாக வருகிற லிம்போமா, ஒரு வகைப் புற்றுநோய். அதில் மெதுவாக நகர்வதும் உண்டு, ஆளையே சாய்ப்பதும் உண்டு. எது என்று தெரியாமல் மருந்து எழுத மாட்டேன். மூன்று வாரம் களிம்பு கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி, பிறகு துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பினேன். குறிப்பாக எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

மறுபடி எடுக்கணும் என்றேன். "தழும்பாயிடும், வேணாம் டாக்டர்" என்று அம்மா அழுதார். "அம்மா தினம் களிம்பு தடவி விட்டாங்க மேடம், சதை எடுத்த அன்னைக்குக்கூட" என்று பெண் போட்டு உடைத்தாள்.

அடக் கடவுளே! ஸ்டீராய்டு கலந்த களிம்பு அந்தக் கெட்ட செல்களை அடக்கி வைத்துவிடும். "விடைத்தாளை அழிச்சுட்டு மார்க் போடச் சொல்றீங்களே டீச்சர்!"

இந்த முறை பெண்ணே அம்மாவிடமிருந்து களிம்பை வாங்கிக் குப்பையில் போட்டாள். மூன்று வாரம் கழித்து இரண்டு இடத்தில் சதை எடுத்தேன். லேபுக்கு நானே போய் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். மேல்தோலின் அடியில் கெட்ட செல்கள் வரிசை கட்டி நின்றன. சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்ததில் வகையும் தெரிந்தது. சின்ன வயதில் வெள்ளைத் திட்டாக வருகிற, மெதுவாக நகர்கிற வகை. ரத்தமும் ஸ்கேனும் சுத்தம். ஆரம்ப நிலை.

இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "அப்போ வெண்குஷ்டம் இல்லையா டாக்டர்?"

"இல்லை. இது கேன்சர், டீச்சர். புரியுதா?"

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று கைகூப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெண்குஷ்டம் என்று அவர் சொல்கிற வெண்புள்ளி யாரையும் கொல்வதில்லையே!

பெண் அம்மாவையே பார்த்தாள். "கேன்சரைவிட அதுக்காம்மா பயந்தே?"

"ஆமாண்டி. உன்னை யாரும் பக்கத்துல சேர்க்க மாட்டாங்களேன்னு ரெண்டு வருஷமாத் தூங்கலைடி."

திட்ட வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதோ. வாரம் மூன்று நாள் ஒளிச் சிகிச்சை என்று எழுதி, ஒரு நாளும் தவறக் கூடாது என்றேன்.

"டாண்ணு வந்துடுவோம்" என்றாள் பெண். அடுத்த வாரம் அரைக்கைச் சட்டையில் வந்தாள்.