நெலிதாவும் அந்தப் பதினெட்டு விநாடியும்

டெம்பெர்லியில் ஒழுகுகிற குழாய்க்கு நல்ல பிளம்பர் யார் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஆள் உதட்டைப் பிதுக்குவார்கள். மனசு சரியில்லை என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். ரொட்டிக்கடைக்காரர் முதல் சம்பந்தியம்மாள் வரை அவரவர் மனநல ஆலோசகரின் போன் நம்பரை எழுதிக் கையில் திணித்துவிட்டுத்தான் விடுவார்கள். புவனோஸ் ஐரிஸின் தென்புறம் முழுக்க இப்படித்தான். மனசைக் காட்ட ஆள் வைத்துக்கொள்வது இங்கே குடும்ப டாக்டர் வைத்துக்கொள்வதைப் போல.

அந்த நம்பர்களெல்லாம் வந்து குவிகிற இடம் நெலிதாவின் பார்லர். வீட்டின் முன்னறைதான் பார்லர். இரண்டு நாற்காலி, தலை அலசும் தொட்டி ஒன்று, தலைக்கு மேல் கவிழ்க்கிற பழைய டிரையர் ஒன்று. முப்பத்தோரு வருஷமாகத் தெருப் பெண்களின் தலையெல்லாம் அவள் கையில். ஆள் குள்ளம், குரல் மட்டும் நெடுநெடுவென்று இருக்கும். வந்தவள் என்ன நிறம் கேட்டாலும் தனக்குச் சரியென்று பட்ட நிறத்தைத்தான் பூசுவாள். "கண்ணாடியப் பாத்துட்டு அப்புறம் சண்டைக்கு வா" என்பாள். பார்த்தவர்கள் பெரும்பாலும் சண்டைக்கு வந்ததில்லை.

அவள் புருஷன் தார்தோ ரயில் ஓட்டுநர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் அன்றைய பயணிகள் அத்தனை பேரையும் நடித்துக் காட்டுவான். பிளாட்பாரத்தில் முத்தத்தை முடிக்காமல் கதவை மறித்துக்கொண்டு நின்ற ஜோடி, நாய்க்கு அரை டிக்கெட் கேட்ட கிழவர், எல்லோரும் நெலிதாவின் சமையலறைக்கு வந்து போயிருக்கிறார்கள். அந்த வாய்க்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று அவளே சொல்வாள்.

அந்த வாய் நவம்பர் மாதம் ஒரு சாயங்காலத்தோடு மூடிக்கொண்டது. ரயில்வே கேட்டில் தடுப்பு இறங்கியிருந்தது. மணியும் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தடுப்புக்கு அடியில் குனிந்து நுழைந்தார். தார்தோ ஹாரனை அடித்து, பிரேக்கைப் போட்டான். அத்தனை கனமான வண்டி நினைத்த இடத்தில் நிற்குமா? அவரைத் தாண்டித்தான் நின்றது.

ரயில்காரர்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி நடந்துவிட்டால் கூட வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவை கைமாறிக்கொண்டே இருக்கும், கால்பந்து பேசுவார்கள். நடந்ததைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். தார்தோ வீட்டுக்கும் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். அவன் குடுவையை வாங்கி உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்ததோடு சரி.

மார்ச் கடைசியில் மருத்துவக் குழுவின் முன் போய் உட்கார வேண்டும். தேறினால் மறுபடி வண்டி, இல்லாவிட்டால் டிக்கெட் கவுன்டர். கவுன்டர் ஒன்றும் கேவலமில்லை. நெலிதாவின் கவலை வேலையைப் பற்றியதே அல்ல. மேஜையில் எதிரே உட்கார்ந்து சூப்பைக் கலக்கிக்கொண்டிருக்கும் இந்த ஊமையனை எடுத்துக்கொண்டு தன் புருஷனை யாராவது திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பார்லரில் யோசனைக்கா பஞ்சம்?

"என் ஆள்கிட்ட அனுப்பு. பதினோரு வருஷமா சோபாவுல படுத்துக்கிட்டு எங்கம்மாவப் பத்தியே பேசிட்டு இருக்கேன்" என்றாள் ஓல்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாராவாரம் தலை செய்துகொள்ள வருவாள்.

"பதினோரு வருஷமாவா? இன்னுமா உங்கம்மா முடியல?"

"இப்பத்தான் எனக்கு ஒன்பது வயசு ஆயிருக்கு நெலிதா. பொறு."

தார்தோ அந்த ஆளிடம் போனான். ஆலோசகர் வாயே திறக்கவில்லை. இவனும் திறக்கவில்லை. ஐம்பது நிமிஷம் கழித்து இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். "சும்மா படுத்துக் கிடக்க எனக்கு வீட்டுலயே கட்டில் இருக்கு" என்று திரும்பி வந்தான். அடுத்தது, கண்ணுக்கு முன்னால் விரலை இடமும் வலமுமாக ஆட்டிப் பயத்தை இறக்குகிற பெண்மணி. கொள்ளைக்காரனிடம் மாட்டி வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த ஓல்காவின் மகளை மூன்றே மாதத்தில் பஸ் ஏற வைத்தவள். அவளிடம் ஒருமுறை போய்விட்டு, "கொடியாட்டுறத பாத்துப் பாத்தே எனக்குக் கண்ணு தேஞ்சு போச்சு, அங்கயும் அதேவா?" என்றான். வியாழக்கிழமைதோறும் மாதா கோயில் கூடத்தில் கூடி மனசுவிட்டுப் பேசுகிற குழுவுக்குப் போய் எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு வந்தான். அவனுடைய முறை வரும்போது கழிப்பறையில் இருந்தானாம். இந்த வைத்தியங்களில் ஒரு குற்றமும் இல்லை. வைத்தியத்துக்கு ஆள் உட்கார வேண்டும், இவன் எங்கே உட்கார்ந்தான்?

கடைசியில் சுருட்டைதான் மிர்த்தா என்ற ஆலோசகரைச் சொன்னான். அன்றைக்கு அந்த வண்டியில் கார்டாக இருந்தவன். தலை வழுக்கையாகி இருபது வருஷமாகியும் பட்டப்பெயர் போகவில்லை. "நானே அவங்ககிட்டதான் போறேன்டா, யார்கிட்டயும் சொல்லாதே" என்றானாம். ரயில்காரன் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம். தார்தோ செவ்வாய்க்கிழமைதோறும் நாலு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். ஆறு மணிக்குத் திரும்பினான். நெலிதாவும் உச்சி குளிர்ந்து போய், செவ்வாய்க்கிழமை என்றால் அவனுக்குப் பிடித்த கீரை அடை செய்துவைத்தாள்.

ஐந்தாவது வாரம் ஓல்கா தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"உன் புருஷன் என்னைத் திட்டிட்டான் நெலிதா. நேத்து, நடுரோட்டுல."

"எங்க?"

"ரயில்வே கேட்டுல. தடுப்பு பாதி இறங்குது, நான் சட்டுனு தாண்டிரலாம்னு பாத்தேன். 'டீச்சர், ரெண்டு நிமிஷத்துல உங்க உசுரு என்ன தேஞ்சா போயிடும்'னு கத்துறான். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. தினம் அங்கதான் நிக்கிறானா என்ன?"

நேற்று செவ்வாய்க்கிழமை.

அந்த நாள் முழுக்க நெலிதா யாருக்கும் முடியைச் சரியாக வெட்டவில்லை. அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. மிர்த்தாவுக்குப் போன் செய்தாள். இவன் ஜனவரியில் இரண்டே இரண்டு முறைதான் போயிருக்கிறான். அதற்கு மேல் எதையும் மிர்த்தா சொல்லவில்லை. "அவர் வந்தா என் கதவு திறந்திருக்கும்" என்றாள். அத்தனை கீரை அடையையும் தின்றானே என்று நெலிதாவுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த செவ்வாய் அவன் கிளம்பிய கால்மணி நேரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு இழுத்துக்கொண்டு வரத்தான் போனாள்.

அவன் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மணி அடிக்கத் தொடங்கியதும் இரண்டு கையையும் அகல விரித்தான். ஸ்கூல் பிள்ளைகள், தள்ளுவண்டிக்காரன், கைக்குழந்தையோடு ஒரு பெண், அத்தனை பேரையும் தொப்பையாலேயே மறித்து நிறுத்தினான். "வண்டி போகட்டும், வண்டி போகட்டும்." ரயில் வந்து கடந்தது. அவன் ரயிலைப் பார்க்கவே இல்லை, ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தடுப்பு ஏறியதும் ஒவ்வொருத்தரையும் கணக்கெடுப்பது போல் பார்த்து அனுப்பிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மறுபடி மணி அடித்தது. மறுபடி கையை விரித்தான்.

நாலு வார்த்தை கேட்க வந்த நெலிதா மெல்லப் பக்கத்தில் போனாள்.

"குண்டா."

அவன் திரும்பினான். முகம் செத்துவிட்டது. "நெலி... நான் வந்து..."

"இன்னும் எத்தனை வண்டி பாக்கி?"

"ஆறு மணி வரைக்கும் ஒன்பது."

"சரி. நீ இந்தப் பக்கம் நில்லு, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

ஒன்பது வண்டியும் போகிறவரை நின்றார்கள். பிறகு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மிர்த்தாவிடம் ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு முதல்லேந்து சொல்லுங்கன்னாங்க. என்னால கண்ண மூட முடியல நெலி."

கண்ணைத் திறந்துகொண்டே சொல்லலாமா என்று மிர்த்தாவிடமே கேட்கச் சொன்னாள் நெலிதா. மறுநாளே போய்க் கேட்டான். மிர்த்தா சிரித்துவிட்டாளாம். "ஜன்னலப் பாத்துக்கிட்டுச் சொல்லுங்க தார்தோ. கண்ணு உங்களோடது" என்றாளாம்.

அதிலிருந்து நிஜமாகவே போனான், வாரம் இரண்டு முறை. மிர்த்தாவின் வைத்தியம் இதுதான்: நடந்ததை இப்போது நடப்பது போலவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிவு செய்து, வீட்டில் தினம் ஒருமுறை கேட்க வேண்டும். கேட்கும்போது மனசு எவ்வளவு பதறுகிறது என்று நூற்றுக்கு ஒரு எண் குறித்துக்கொள்ள வேண்டும். தார்தோ இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்லரின் மூலையில், டிரையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். தனியாகக் கேட்க அவனுக்குப் பயம்.

"எத்தனை?" என்பாள் நெலிதா, கத்தரியை நிறுத்தாமல்.

"தொண்ணூறு."

மூன்றாவது வாரம் எண்பது. வந்திருக்கும் பெண்களும் விலைவாசி கேட்பது போல் கேட்க ஆரம்பித்தார்கள். "எம்பதா? என் ரத்தக்கொதிப்ப விட ஏறித்தான் நிக்குது" என்பாள் ஓல்கா. தன்னைத் திட்டியவன் என்ற கோபமெல்லாம் போய் அவனுக்காகப் பன் வாங்கிக்கொண்டு வருவாள். ஆனால் எண்பதிலேயே எண் குத்துக்கல்லாக நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், எண்பதேதான். எதையோ தாண்டிக் குதித்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்றாளாம் மிர்த்தா. மருத்துவக் குழுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ஒரு மத்தியானம், பார்லர் காலியாக இருந்தபோது, தார்தோ இயர்போனைக் காதிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நீ கேளு. இன்னிக்குப் புதுசாச் சொன்னேன். மிர்த்தாவுக்கு அடுத்து நீதான்."

நெலிதா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் குரல் கேட்டது. தடுப்பு இறங்கியிருக்கு. ஒருத்தர் சைக்கிளோட குனியுறார். ஹாரன அழுத்துறேன். பிரேக்க இழுக்கிறேன். வண்டி வழுக்கிட்டே போகுது. அவர் நிமிர்ந்து என்னைப் பாக்குறார். என்னைத்தான் பாக்குறார், அங்க வேற யாரும் இல்ல. நான் கண்ண மூடிக்கிறேன். மூடிக்கிட்டேன். அவரு தனியாப் போனாரு. பிரேக்க இழுத்ததுலேந்து நிக்கிற வரைக்கும் பதினெட்டு விநாடின்னு மெஷின்ல பதிவாயிருக்கு. வண்டி நின்னுது. சுருட்டை பின்னாலேந்து ஓடி வந்து என் விரல பிரேக்லேந்து ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தான், எனக்கு வெக்கமா இருந்துச்சு...

நெலிதா அதை நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை. நாலு மாதமாக இவன் கண்ணை மூடாமல் கிடந்தது இதற்கா? அந்தப் பாழாய்ப்போன வெட்கத்தையா வயிற்றில் வைத்துக்கொண்டு சூப்பைக் கலக்கினான்?

"கண்ண மூடினே, சரி. கைய எடுத்தியா?"

"எந்தக் கைய?"

"பிரேக்லேந்து. கண்ண மூடினப்ப."

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறமும் இல்ல. சுருட்டை வந்துதான்... ஒண்ணொண்ணா..."

"பதினெட்டு விநாடியும் அந்த மனுஷனுக்காக இழுத்துப் பிடிச்சிட்டுத்தானேடா இருந்திருக்கே. யாருடா அவரத் தனியா விட்டது?"

தார்தோ தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். யாருடைய கையோ போலப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்க அழ ஆரம்பித்தான். நெலிதா அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கதவைத் தட்டிய வாடிக்கையாளரிடம், "இன்னிக்குக் கடை இல்ல, போ" என்று கத்தினாள்.

அடுத்த நாள் எண் அறுபது. அதற்கடுத்த வாரம் முப்பத்தைந்து. "பூஜ்யத்துக்கு வராதா?" என்று நெலிதா மிர்த்தாவைக் கேட்டாள். "ஒரு மனுஷன் செத்திருக்கார் நெலிதா, பூஜ்யமானா எனக்குத்தான் கவலையா இருக்கும்" என்றாள் மிர்த்தா. மருத்துவக் குழுவில் இவனை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். சூப்பு மேஜையில் அந்த மூன்று டாக்டர்களையும் நடித்துக் காட்டினான். நடுவில் உட்கார்ந்த டாக்டர் மூக்கைச் சிந்தியதை அவன் செய்து காட்டியபோது நெலிதா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை தார்தோ மறுபடி வண்டி ஏறினான். கேட்டில் போய் நிற்காதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். நெலிதா சத்தியத்தைக் காப்பாற்றினாள். கேட்டுக்கு அவள் போகவில்லை. பத்து மணி வண்டியின் முதல் பெட்டியில், ஓட்டுநர் அறைச் சுவருக்கு முதுகைக் கொடுத்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வேகம் எடுத்தது. கேட் நெருங்கியது. ஹாரன் நீளமாக, நிறுத்தாமல் அடித்தது. பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முழித்துக்கொண்டார்கள். வண்டி கடந்தது. ஒன்றும் நடக்கவில்லை, அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிப் போனபிறகு அவள் முன்னால் நடந்தாள். தார்தோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. அவளைப் பார்த்ததும் வாய் பிளந்தான்.

"நீ எங்கடி இங்க? சத்தியம் பண்ணினே!"

"கேட்டுக்குத்தான் வரமாட்டேன்னேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தது. "திறந்தே வெச்சிருந்தேன் நெலி. ரெண்டு கண்ணும். நீ பாத்தியா? கேட்டக் கடக்கும்போது எப்படி ஓட்டினேன், சொல்லு!"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் நெலிதா. "நான் கண்ண மூடிக்கிட்டேன்."