கட்டுத் தயிர்ச்சோறும் டைபாய்டு காய்ச்சலும்

1. காய்ச்சல் வந்த வாரம்

கவிப்பிரியா சாப்பிட வராத அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எருமப்பட்டிப் பெண். மணி அடிப்பதற்கு முன்பே தட்டோடு வந்து நிற்கிற ஜாதி. அது வரவில்லை என்றால் ஒன்று ஊருக்குப் போயிருக்க வேண்டும், இல்லை உடம்புக்கு ஆகவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு என்று சொன்னார்கள்.

நான் பழனியம்மாள். நாமக்கல்லில் ஒரு நர்சிங் காலேஜ் பெண்கள் ஹாஸ்டலில் தலைமைச் சமையல்காரி. பிள்ளைகளுக்கு அம்மாயி, அதாவது பாட்டி. ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்பதால் அதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். மெஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நூறு பேருக்கு எத்தனை படி அரிசி, சாம்பாருக்கு எவ்வளவு புளி என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள்.

வார்டன் மேடம் சமையற்கட்டுக்கு வந்து நின்றார். நல்ல மனுஷி. கோபம் வந்தால் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார்.

"அம்மாயி, தண்ணியா சாப்பாடா? உள்ளதச் சொல்லுங்க."

"சாப்பாடா இருந்தா மொதல்ல நானுங்க படுக்கோணும். எல்லாத்தையும் ருசி பார்க்கறவ நானு. பாருங்க, கல்லாட்ட நிக்கறேன்."

"அப்ப எதுல இருந்து வந்துச்சு?"

"கேட்டுக்கு வெளிய ஒரு பானிபூரிக்காரன் நிக்கறான் பாருங்க. அவனக் கேளுங்க."

அந்தப் பாவப்பட்ட மனிதரை வாட்ச்மேனை விட்டு விரட்டினோம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவினோம். தண்ணீர் ஃபில்டரை மாற்றினோம். நான் வெற்றிலை பாக்கைப் போட்டுக்கொண்டு, காய்ச்சலை ஊரைவிட்டே துரத்திய மாதிரி உட்கார்ந்தேன்.

2. திரும்பி வந்த காய்ச்சல்

கவிப்பிரியாவுக்குக் காய்ச்சல் விட்டது. வந்து சாப்பிட்டது. சிரித்தது. கொஞ்ச நாளில் முன்பைவிட மோசமாகப் படுத்தது. விசாரித்தால், காய்ச்சல் விட்டதுமே மாத்திரையை நிறுத்தியிருக்கிறது. நர்ஸுக்குப் படிக்கிற பிள்ளை. மற்றவர்களுக்கு மாத்திரை கொடுக்கத்தான் படிக்கிறார்கள், தான் விழுங்குவதற்கு இல்லை போலிருக்கிறது.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அதன் அப்பா வந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரி வைத்து வடக்கே ஓட்டுகிறவர். வெயிலில் கறுத்துப்போன முகம். ஆபீஸ் ரூமில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏனுங்க மேடம், எம்பட புள்ளய நம்பித்தான உங்ககிட்ட உட்டுட்டுப் போனேன். பொழைக்குமா பொழைக்காதான்னு அங்க டாக்டரு மொகத்தப் பார்த்துட்டு நிக்கறேன். மெஸ்ஸ மூடுங்க. இல்லாட்டி அத்தன பேரப் பெத்தவங்களையும் கூட்டியாறேன்."

வார்டன் அன்று மாலை எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார். நான், ராஜாமணி, காய் வெட்டுகிற இரண்டு பெண்கள். காரணம் தெரியாவிட்டால் சமையலை வெளியே கான்ட்ராக்ட்டுக்கு விட்டுவிடப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது என்றார். ராஜாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் தறிக் குடோனில் கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிறவர். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். எனக்கே ஒன்றும் வரவில்லை.

3. டாக்டரம்மாவின் கேள்விகள்

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ரொம்பச் சின்ன வயது. எங்கள் பிள்ளைகளில் ஒன்றுதான் கோட்டு மாட்டிக்கொண்டு விளையாடுகிறதோ என்று பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக உட்கார வைத்து, என்ன சாப்பிட்டாய், எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டார்.

ஹாஸ்டலிலேயே மத்தியானம் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் காய்ச்சல். "பார்த்தீங்களா, ஆஸ்பத்திரியில ஒட்டிட்டு வந்தது" என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த மூன்று பேரோடு டியூட்டிக்குப் போகிற இன்னொரு பிள்ளை தெம்பாக இருந்தது. அது சொன்னது:

"எனக்குத் தயிருன்னாலே கொமட்டுமுங்க மேடம். நான் பிஸ்கட் வாங்கித் தின்னுக்குவேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். டியூட்டிப் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் கட்டிக்கொடுப்பது என் தயிர்ச்சோறு.

"அதை எப்படிச் செய்றீங்கம்மா? செஞ்சு காட்டுங்களேன்."

காட்டச் சொன்னால் எனக்கு என்ன கூச்சம். சோற்றைக் குழைய வடித்து ஆறவைத்தேன். பால் நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி விட்டேன். காலையிலேயே தயிரைக் கொட்டினால் மத்தியானம் பல் கூசும். பாலில் பிசைந்து அனுப்பினால் போகிற வழியில் மெல்ல மெல்லப் புளித்து, சாப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக நிற்கும். உப்புப் போட்டு, முழங்கை வரை விட்டுப் பிசைந்தேன்.

"கரண்டியால கலக்க மாட்டீங்களா?"

"கரண்டிக்கு என்னங்க தெரியும்? பருக்க ஒடயோணும். கைதான் பார்த்துப் பார்த்து ஒடைக்கும்."

டாக்டரம்மா சோற்றைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எதுல கழுவுனீங்க?"

"தண்ணியிலதான். சோப்புப் போட்டா சோத்துல வாசம் ஏறிக்குமுங்க."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங்க அம்மிணி, தயிரு புளிப்பு. புளிப்புல கிருமி எப்படிங்க பொழைக்கும்?"

"நல்லாப் புளிச்ச தயிருக்குள்ள திடீர்னு போட்டா நெறையச் செத்துப்போகும்மா. உங்க சோறு மெதுவா புளிக்குது. கிருமியும் மெதுவா பழகிக்குது. புளிப்பத் தாங்குறதுக்குன்னு உள்ளுக்குள்ள ஏற்பாடு பண்ணிக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை வயித்துல இருக்கிற அமிலத்தைப் பார்த்து அதுக்குப் பயமே இருக்காது."

அதாவது, காலையிலிருந்து மத்தியானம் வரை டிபன் பாக்ஸுக்குள் அதற்கு நான் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நடத்திய வகுப்பில் எல்லாரும் பாஸ்.

"அப்ப சாம்பாரு?"

"கொதிக்கும்போதே செத்துரும். ஆறின சோத்துல கை வைக்கிறதுதான் வம்பு. அந்தக் கையில எங்கிருந்து வந்துச்சுன்னுதான் பார்க்கணும்."

பிறகு எங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு மூடி போட்ட சின்ன டப்பாவைக் கொடுத்தார். எதற்கு என்று ராஜாமணி கேட்டாள். காலையில் வெளிக்குப் போகும்போது அதில் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார்.

"இதென்ன பொழப்பு அக்கா, சமைக்க வந்த எடத்துல" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

"பேரத் தெளிவா ஒட்டு கண்ணு. மாறிப்போச்சுன்னா உன்ற பாவத்த நான் சொமக்கோணும்" என்றேன்.

4. எனக்குள் குடியிருந்தவன்

ரிசல்ட் வந்தது. மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது.

நான் நம்பவில்லை. டப்பா மாறியிருக்கும் என்றேன். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் நான்தான்.

"எனக்கு ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லீங்களே."

"யோசிச்சுப் பாருங்கம்மா. சின்ன வயசுல, நாள் கணக்கா, விடாத காய்ச்சல்?"

"பெரியவன் வயித்துல இருந்தப்ப ஒரு மாசமாட்டம் கெடந்தேன். அதெல்லாம் காய்ச்சல்ல சேர்த்தியாங்க? மாமியாரு எந்திரிச்சு வேலையப் பாருன்னாங்க, எந்திரிச்சுட்டேன்."

அன்றைக்கு வந்தவன் போகவே இல்லையாம். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். நம் உடம்பில் கிருமியைப் பிடித்து விழுங்குவதற்கென்றே காவல்கார செல்கள் இருக்கின்றன. மற்ற கிருமிகளை விழுங்கினால் உள்ளேயே கரைத்துவிடும். இந்தக் கிருமி அந்தச் செல்லுக்குள் போனதும் தனக்கென்று ஒரு சின்ன அறை கட்டிக்கொள்கிறது. கரைக்கிற சாறு அந்த அறையில் வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்கிறது. சாப்பாடு குறைந்தால் குறைந்ததற்குத் தகுந்தபடி இருந்துகொள்கிறது. அந்தச் செல்லிலேயே ஏறி ஈரல், மண்ணீரல் என்று உடம்பெல்லாம் போகிறது.

எனக்கு இது நன்றாகவே புரிந்தது. திருடனைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்தால், அவன் அங்கேயே பாய் விரித்து, ஏட்டய்யாவின் டீயைக் குடித்து, ஜீப்பில் ஏறிச் சங்ககிரி வரை ஊர்சுற்றிவிட்டு வருகிறான். கவிப்பிரியா மாத்திரையைப் பாதியில் விட்டதும் திரும்பி வந்தது, இப்படி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தவர்கள்தான்.

என்னிடத்தில் அவன் பித்தப்பையில் தங்கிவிட்டான். பித்தநீர் எண்ணெய்ப் பிசுக்கையே கரைக்கிற சமாச்சாரம். அதையும் பழகிக்கொண்டான். எனக்குப் பித்தப்பையில் கற்கள் இருந்தன, அது எனக்கே தெரியாது. அந்தக் கல்லின் மேல் பாசி மாதிரி படர்ந்து உட்கார்ந்துகொண்டான். வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. எனக்கு ஒரு தலைவலி கூடக் கொடுக்கவில்லை. நன்றியுள்ள குடித்தனக்காரன். எப்போதாவது பித்தநீரோடு குடலுக்கு இறங்கி, வெளிக்குப் போய்விட்டுச் சோப்பில்லாமல் கழுவிய என் கையோடு வெளியே வருவானாம்; அதனால்தான் இத்தனை வருஷம் மாட்டவில்லை.

இதெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூட இல்லை. என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்ததற்கு இந்தக் கைதான் காரணம்.

பேத்தி வந்து மடியில் உட்கார்ந்தது. தள்ளி உட்காரச் சொன்னேன்.

5. ஆபரேஷனும் அதற்குப் பிறகும்

காரணம் தெரிந்துவிட்டதால் மெஸ் தப்பியது. ராஜாமணி கரண்டியைப் பிடித்தாள். நான் சமையற்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வார்டன் மேடம் கண்ணாடியைத் துடைக்காமலே சொன்னார்:

"அம்மாயி, சரியாயிட்டா வாங்க. ஆகலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பித்தப்பையைக் கல்லோடு எடுத்தார்கள். வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றைக்கூட விடாமல் விழுங்கினேன். கவிப்பிரியா இதற்குள் குணமாகி எழுந்துவிட்டது. ஒரு நாள் அதன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தது. அவர் இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"வேணும்னு பண்ணுலீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார்.

"வேணும்னு பண்ணியிருந்தா நான் இன்னுங் கொஞ்சம் உப்புப் போட்டிருப்பனுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிள்ளை சிரித்துவிட்டது.

இடைவெளி விட்டு விட்டு டப்பா கொடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சுத்தமாக வந்த பிறகு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பே பானிபூரிக்காரரைத் தேடிப் போய், கேட்டுக்குப் பக்கத்திலேயே பழையபடி நிற்கச் சொன்னேன். அவர் என்னிடம் ஒரு தட்டு நீட்டினார். கையை எங்கே கழுவினீர்கள் என்று கேட்டேன். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை. இட்லிக் குண்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் டைனிங் ஹால் வாசலில் கூட்டமாக நின்று கைபேசியைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தரும் தட்டை எடுக்கவில்லை. பின்னால் ராஜாமணி, "நான் வேணா போடட்டுங்களா அக்கா" என்று மெதுவாகக் கேட்டாள். கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

கவிப்பிரியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. தட்டை நீட்டவில்லை.

"கையக் காட்டுங்க அம்மாயி."

காட்டினேன்.

"திருப்புங்க."

திருப்பினேன்.

"நெகம் வளந்திருக்குது. வெட்டிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

"அதுக்குள்ள இட்லி ஆறிப்போயிரும் சாமி."

"ஆறட்டும். நான் நிக்கறேன்."

நகத்தை வெட்டினேன். விரல் இடுக்கு, மணிக்கட்டு என்று தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது அது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்தது. முகர்ந்தும் பார்த்தது. பிறகு தட்டை நீட்டியது. அதன் பின்னால் ஒவ்வொருத்தராக வந்து வரிசை சேர்ந்தார்கள்.

தயிர்ச்சோற்றை இப்போது கரண்டியால்தான் கலக்குகிறேன். ருசி கொஞ்சம் மட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். வேலைக்கு வருகிறவர்கள் தாங்கள் திடகாத்திரமானவர்கள் என்று சொன்னால் முதலில் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கும் உள்ளே யாருமில்லை என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. இதுதான் நான் கற்றுக்கொண்டது.

தினமும் பிள்ளைகள் தட்டை நீட்டுவதற்கு முன்னால் என் கையைக் காட்டச் சொல்கிறார்கள். நானும் காட்டிவிட்டு, "இப்ப உன்ற கையக் காட்டு சாமி" என்கிறேன். பாதி வரிசை குழாயடிக்குத் திரும்பிப் போகிறது.