வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

அம்மாவின் தலைவலிக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல மருந்து அப்பாவின் பூட்ஸ்தான். சிரிக்காதீர்கள். தைலம், சுக்குப் பற்று, நொச்சி இலை வேது, ஆஸ்பத்திரி மாத்திரை எல்லாம் கைவிரித்த இடத்தில் அந்தப் பூட்ஸ்தான் கொஞ்சமாவது வேலை செய்தது.

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. அம்மாவுக்கு வருவது ஒற்றைத் தலைவலி. முதலில் கண் முன்னால் ஏதோ மினுமினுக்கும். என்னைப் பார்த்து, "உன் மூஞ்சில பாதியக் காணோம்டி" என்பாள். நான் பயந்துபோய்க் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் இடது நெற்றிப் பொட்டில் வலி பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தம் ஆகவே ஆகாது. நனைத்த துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வெறுந்தரையில் சுருண்டு கிடப்பாள். தூங்கிவிட்டால் பிழைத்தாள். தூக்கம் கலைந்தால் மறுநாளும் அதே பாடுதான்.

ஆனால் குவார்ட்டர்ஸில் பகலில் எங்கே தூங்குவது? வாசலுக்கு வாசல் ரேடியோ, நடுத்தெருவில் கிரிக்கெட், போதாததற்கு மீன்காரம்மா. ஒரு பொம்பளையின் தலைவலிக்காக யார் வாயை மூடுவார்கள்? அதிலும் எதிர்வீட்டு அத்தை இருந்தாரே, மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர், மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவார். "இன்னாம்மா நீ, எப்ப பாரு தலவலின்னு படுத்துகினே கீற? எனக்குந்தான் வலிக்குது. ஒரு காப்பித்தண்ணி குடிச்சா போவுது." அம்மா சிரித்து மழுப்புவாள். உள்ளே வந்து அழுவாள்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், தொழிற்சாலையில் கொடுத்த கறுப்பு பூட்ஸை வாசற்படியில் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கப் போவார். படியில் பூட்ஸ் இருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போவார்கள். மீன்காரம்மா கூவாமல் கடந்து போவார். ரேடியோக்கள் முணுமுணுக்கும். சம்பாதிக்கிற ஆம்பளையின் தூக்கத்துக்கு அத்தனை மரியாதை!

அப்பா திருநெல்வேலிக்காரர், வாயில்லாப்பூச்சி. யாரிடமும் போய்ச் சத்தம் போடாதீர்கள் என்று கேட்கிற தைரியம் அவருக்குக் கிடையாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார். அம்மாவுக்கு வலி வந்தால் தன் பழைய பூட்ஸை வாசலில் வைப்பார். புதுசை மாட்டிக்கொண்டு, சைக்கிளைப் பின்வாசல் வழியாக உருட்டிப்போய், பகல் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். "ஏட்டி, யாராவது கேட்டா அப்பா தூங்குதாவன்னு சொல்லு, என்ன?" என்பார். பொய் சொன்னால் தோலை உரிப்பேன் என்று சொன்னதும் இதே அப்பாதான். நான் வாசலில் உட்கார்ந்து, கேட்காதவர்களிடம்கூடக் கூப்பிட்டுச் சொல்வேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். அப்பாவுக்கு ஓவர்டைம். புதுப் பூட்ஸ் அடி பிளந்து தைக்கப் போயிருந்ததால், பழையதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகுதான் அம்மா என்னைப் பார்த்து, "பாதியக் காணோம்டி" என்றாள்.

வாசலில் வைக்கப் பூட்ஸ் இல்லை. எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வாய் நேரே எங்கள் சன்னலைப் பார்த்திருந்தது. அப்பாவின் ரப்பர் செருப்பைப் படியில் வைத்துப் பார்த்தேன். அதை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை.

அப்போது எதிர்வீட்டு அத்தை சொம்பில் கூழோடு வந்தார். "இன்னாடி, உங்கம்மா இன்னும் கோயிலாண்ட வரல? ஆரம்பிச்சிட்டாளா?" என்றபடி உள்ளே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். இருட்டில் அம்மா வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஸ்பீக்கர் அலறியது. அம்மா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் முட்டினாள். "அக்கா, அத நிறுத்தச் சொல்லுங்கக்கா" என்றாள். குரலே எழும்பவில்லை.

அத்தை சொம்பைத் தரையில் வைத்தார். தன் முந்தானையால் அம்மாவின் வாயைத் துடைத்து, முதுகைத் தடவிவிட்டுப் படுக்க வைத்தார். "ஐய, இப்டியாம்மா வலிக்கும்? பாவி, நான் இன்னாவோ நென்ச்சிட்டேனே" என்றார்.

பிறகு விடுவிடுவென்று தன் வீட்டுக்குப் போனவர், எதிர்வீட்டு மாமாவின் பூட்ஸோடு திரும்பி வந்து எங்கள் படியில் அதை வைத்தார். ஏணிக்கு அடியில் போய் நின்று, கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "யோவ், பூட்ஸ் கீறது கண்ணுக்குத் தெரியல? நைட் ஷிஃப்ட் ஆளு தூங்கிகினு கீறாரு. அந்தாண்ட திருப்பு அத்த!" ஏணிமேல் இருந்தவன் மறுபேச்சில்லாமல் ஸ்பீக்கரை ஏரிப் பக்கம் திருப்பினான்.

அத்தை என் பக்கம் குனிந்தார். "யார்னா கேட்டா அப்பா தூங்குறாருன்னு சொல்லு, இன்னா?"

அப்பா எனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திருதிருவென்று விழித்தேன்.

சாயங்காலம் அம்மா எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுடி" என்றாள். வலி போய்விட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம். அத்தை வைத்துவிட்டுப் போன கூழை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அப்பா அன்று முன்வாசல் வழியாகவே வந்து சைக்கிளை நிறுத்தினார். அவர் காலில் அவருடைய பூட்ஸ். படியில் அதைவிட ஒரு விரற்கடை பெரிய பூட்ஸ். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுப் படியில், காலில் ரப்பர் செருப்போடு மாமா உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் அப்பாவுக்கு அடுத்த மிஷின் அவருடையதுதான். மதியத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

"இன்னா சார், நல்லா தூங்குனீங்களா?" என்றார் மாமா. முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆமா சார், நல்ல தூக்கம்" என்றார் அப்பா.

அந்தப் பெரிய பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, பாலிஷ் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, தானே கொண்டுபோய் எதிர்வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, அம்மாவின் காதில் சொன்னேன்: "அந்த மாமா சரியான ஏமாளிம்மா. அப்பா நெஜமாவே வீட்ல தூங்குறாருன்னு இத்தன நாளா நம்பிட்டு இருக்காரு!"