கரகர அக்கா

இது நான் கட்டிய கதையாக இருந்தால், என்னை நல்லவனாகக் காட்டியல்லவா சொல்லியிருப்பேன்? இதில் நான் செய்தது அசிங்கமான காரியம். அதனாலேயே இத்தனை மாசம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் புகழேந்தி. ஊர் ஆம்பூர். பத்தொன்பது வருஷமாக ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறேன். நாட்றம்பள்ளியிலிருந்து ஆற்காடு வரை நான் ஏறாத திருவிழா மேடை கிடையாது. குரல் சுமார்தான். ஆனால் கூட்டத்தைப் பிடிக்கத் தெரியும். தூங்கி வழிகிற ஜனத்தை ஐந்தே நிமிஷத்தில் விசில் அடிக்க வைப்பேன். எப்படி? யாராவது ஒருத்தரைப் பிடித்துக் கிண்டல் செய்வேன். அவ்வளவுதான் என் வித்தை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா. மழை தூறிக் கூட்டம் கலையப் பார்த்தது. அப்போது ஒரு பெண் மேடை ஓரம் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார். கழுத்தில் கம்பெனி கார்டு தொங்கியது. பெயர் கெங்கம்மாள் என்றார்.

"ஒரே ஒரு பாட்டு பாடிக்கிறேன் சார்."

மைக்கைக் கொடுத்தேன். ஏதோ தாலாட்டு. குரல் கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. எனக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"இன்னாக்கா, தொண்டைக்குள்ள தோல் தேய்க்கிற மெஷின் ஓடுதா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதே கரகரப்பில் அவர் வரியை நானும் பாடிக் காட்டினேன். விசில் பறந்தது. அவர் நிறுத்தவில்லை. பல்லவியை முடித்தார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அதோடு விட்டேனா? அந்தக் கிண்டலுக்குக் 'கரகர அக்கா' என்று பெயர் வைத்து, போகிற மேடையிலெல்லாம் செய்தேன். எந்த ஊரிலும் கைதட்டல் வாங்காமல் இறங்கியதில்லை.

போன ஆடி, இரண்டாவது வெள்ளி. கணியம்பாடி பக்கம் ஒரு கிராமம். மணி எட்டரை. கூட்டம் அசையவே இல்லை. எங்கள் குழுவில் பாடுகிற கிறிஸ்டினா பாடி முடித்து, மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனாள்.

சரி, கரகர அக்காவை இறக்குவோம் என்று முடிவு செய்தேன். மணி 8.41. மேடைக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வாயைத் திறந்தேன்.

என் காலடி ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. அதே தாலாட்டு. கரகரப்பே இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தமான குரல்...

வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கிறிஸ்டினாவின் மைக் அதன் ஸ்டாண்டிலேயே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

சவுண்ட் பார்க்கிற தௌசீப் அகமது, கீழே மிக்ஸர் முன்னால் நின்றபடி என்னைப் பார்த்துக் கையை விரித்தான்.

கூட்டத்தைப் பார்த்தேன். அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு இடது பக்கம்... இரண்டடி தள்ளி.

அங்கே ஒன்றுமில்லை. வெறும் பலகை.

குப்பென்று ஒரு வாசனை. ஷூவுக்கு ஒட்டுகிற பசை...

என் இடது கை சில்லிட்டது.

கையிலிருந்த மைக் மெல்ல இடது பக்கம் நகர்ந்தது.

நான் நகர்த்தவில்லை.

8.44. பாட்டு முடிந்தது.

அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதே கிடையாது. பெண்கள் அழுதுகொண்டே தட்டினார்கள். விழாக் கமிட்டித் தலைவர் கோதண்டபாணி சால்வையோடு மேடை ஏறி, என்னைத் தாண்டிப் போய், திகைத்து நின்றார்.

"அந்தம்மா எங்க?"

"எந்தம்மா?"

"இப்ப உங்க பக்கத்துல பாடுனாங்களே... கழுத்துல கம்பெனி கார்டு மாட்டிக்கினு."



கீழே இறங்கியதும் தௌசீப் மெதுவாகச் சொன்னான். "வேற எந்த மைக்கும் ஆன்ல இல்லண்ணே. உங்க மைக்லதான் வந்துச்சு."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, விசாரித்து விசாரித்து நாட்றம்பள்ளியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கெங்கம்மாளின் மகள் மோகனா கதவைத் திறந்தாள். பார்த்ததும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு.

"அம்மாவைப் பாக்கணும்" என்றேன்.

"தை மாசமே போய்ட்டாங்க சார்."

அவளே தொடர்ந்தாள்.

"அன்னிக்கு ஏன் மேடை ஏறுனாங்க தெரியுமா? தொண்டையில கட்டி. மறுநாள் வேலூர்ல ஆபரேஷன். அப்புறம் குரலே வராதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை மைக்குல பாடிடணும்னு ஆசைப்பட்டாங்க. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். இரண்டு கையையும் கூப்பினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்தாள்.

"நோவு வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா எப்டி பாடுவாங்கன்னு கேளுங்க. கம்பெனியில லஞ்ச் டயத்துல எடுத்தது. எங்க வீட்டைத் தவிர யாருகிட்டயும் இது இல்ல."

போட்டுக் காட்டினாள்.

முதல் வரி முடிவதற்குள் நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சுத்தமான குரலை அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

முந்தின ராத்திரி. 8.41-க்கு.