ஐஸ் பெட்டி மாதிரி ஒரு அறை

சாத்தம் படகுத்துறையில் வெயில் தாங்கவில்லை. பக்கத்துப் பலகை வீட்டில் தண்ணீர் கேட்கிறேன். மீன்காரர் சேவியர், "உள்ள வாங்கம்மா, ஏசி மாதிரி இருக்கும்" என்கிறார்.

பழைய வீடு. பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து இருந்ததாம். மீன் பெட்டித் தெர்மாகோலை வெட்டி அத்தனையையும் அடைத்து, டேப் ஒட்டியிருக்கிறார். தகரக் கூரைக்கு அடியிலும் அதுதான். ஜன்னலையும் விடவில்லை.

"பெட்டியில மூணு நாள் ஐஸ் நிக்குது. நாம மட்டும் ஏன் வேகணும்?" என்று சிரித்துக்கொண்டே உள் அறைக் கதவைத் திறக்கிறார்.

குளிர்ச்சிதான். ஆனால் கொசுவர்த்திப் புகை போக வழியில்லாமல் அறை முழுக்க நிற்கிறது. அதற்குள் பாயில் ஒரு கைக்குழந்தை கண் செருகிக் கிடக்கிறது.

அந்நிய ஆம்பளையிடம் நிமிர்ந்து பேசாதவள் நான். பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே வந்து கத்துகிறேன். "பெட்டியில இருக்கிற மீன் மூச்சு விடாதுய்யா! பிள்ளை விடுமே!"

அவர் முகம் வெளுக்கிறது. கத்தியை எடுத்து ஜன்னல் டேப்பைக் கிழிக்கிறார். குழாயடியிலிருந்து அவர் மனைவி ஓடி வருகிறாள். "ஜன்னலையாவது விடுன்னு சொன்னேன்ல, பாகல்! பைத்தியம்!"

காற்றுப் பட்டதும் பிள்ளை இருமுகிறது, பிறகு வீறிட்டு அழுகிறது. தாய் கை நீட்டுகிறாள். கொடுக்கத்தான் எனக்குக் கை வரவில்லை.