எங்கூடு, நம்மூடு

சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறியபோது பக்கத்து இருக்கையில் அந்த அம்மா இருந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடியில் ஒயர்கூடை. முறுக்கோ கடலைமிட்டாயோ, எதை எடுத்தாலும் முதலில் இரண்டாக உடைப்பார். ஒரு பாதியைத் தின்றுவிட்டு, மறுபாதியைக் காகிதத்தில் சுற்றிக் கூடைக்குள்ளேயே வைத்துவிடுவார்.

சரவணம்பட்டியில் ஒரு செயலிக்குத் தமிழ்ப் பாடம் எழுதுவது என் வேலை. போனில் அலுவலகத் தோழியிடம், "'எங்க', 'நம்ம' ரெண்டையும் இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் பேசறாங்க. அந்தப் பாடத்தையே தூக்கிடலாம்" என்றேன். பேசி முடித்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, அதெப்படீங்க ஒண்ணாகும்? நம்மூடுன்னா நானும் சேத்திங்க. எனக்குன்னு இருக்கறது எம் பையன் ஒருத்தன்தானுங்க. முந்தியெல்லாம் அவன் அப்படித்தான் சொல்லுவான். கோயமுத்தூர்ல ஊடு கட்டுனதுக்கப்புறம், 'எங்கூட்டுக்கு ஒருக்கா வந்துட்டுப் போம்மா'ங்கறான். இப்ப அங்கிருந்துதான் வாரேனுங்க."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "பேச்சு மாறினா இலக்கணமும் மாறத்தானேங்க வேணும்" என்று முணுமுணுத்தேன்.

"சீக்கிரம் மாத்திப்போடுங்க அம்மணி. அப்புறம் அவன் எதைச் சொன்னாலும் எனக்கு வித்தியாசம் தெரியாதில்லீங்களா?"

சொல்லிவிட்டு, சுற்றி வைத்திருந்த பாதி மிட்டாயை என் கையில் வைத்தார்.

வெள்ளகோவிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், "நம்மூரு வந்துருச்சுங்க" என்றார். நான் கரூர் போகிறவள். வெள்ளகோவிலில் எனக்கு யாரும் இல்லை. அவருக்கும் அங்கே யாரும் இல்லை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.